புறநகர் மாலில் காலிக் கடை: யாரிடம், என்ன சொல்லி விடுவது

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று நம்மவர்கள் நிறைய இருக்கும் ஊர்களில் மால்களுக்குக் குறைவில்லை. காலிக் கடைகளுக்கும் குறைவில்லை. கடைக்கு ஆள் தேடும் வேலை வந்ததும் மால்காரர்கள் முதலில் செய்வது புரோஷர் அடிப்பது. பளபளக்கும் தாள், ட்ரோனில் எடுத்த படம், மாதம் இத்தனை லட்சம் பேர் வருகிறார்கள் என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். அதைக் கையில் வாங்கும் கடைக்காரர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த வாடகையைக் கட்ட நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு விற்க வேண்டும்? புரோஷரில் அதற்குப் பதில் இருக்காது. அந்தக் கணக்கை நாமே போட்டு எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

120 சதுர மீட்டர் கடை ஒன்றை வைத்துப் பார்ப்போம். வரும் எண்கள் கணக்குக் காட்டத்தான்; உங்கள் மாலின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படை வாடகை சதுர மீட்டருக்கு மாதம் 180 ரேண்ட். காவல், துப்புரவு, பொது விளக்கு வகையில் பொதுச் செலவுப் பங்கு 35. மாநகராட்சி வரிப் பங்கு 28. விளம்பர நிதிக்கு அடிப்படை வாடகையில் 5 சதவீதம், அதாவது 9. கூட்டினால் 252. கடை முழுவதற்கும் மாதம் 30,240 ரேண்ட். 15 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்ந்தால் 34,776. லைட்டும் தண்ணியும் தனி. வாட்டுக்குப் பதிவு செய்த கடைக்காரர் அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். பதிவில்லாத சின்னக் கடைக்காரருக்கு அது அப்படியே கைக்காசு. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். புரோஷரில் 180 என்று போட்டு, ஒப்பந்தத் தாளில் 252 என்று காட்டினால், அந்த மனிதர் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். நியாயம்தானே.

இப்போது மறுபக்கம். இந்த மொத்தச் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம் வரலாம் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். லாபம் மெலிந்த சூப்பர்மார்க்கெட் 2, 3 சதவீதத்துக்கு மேல் தாங்காது. துணிக்கடை 10, 12 வரை தாக்குப்பிடிக்கும். 10 என்று வைத்தால் நம் கடைக்கு வாட் இல்லாமல் மாதம் 3,02,400 ரேண்ட் விற்பனை வேண்டும், நாளுக்கு 10,080. ஒரு பில் சராசரி 150 ரேண்ட் என்றால் நாளுக்கு 67 பில். உள்ளே வருகிற பத்துப் பேரில் மூன்று பேர் வாங்கினால் 224 பேர் உள்ளே வர வேண்டும். வாசலைக் கடக்கும் இருபது பேரில் ஒருவர் உள்ளே நுழைகிறார் என்றால் அந்த வாசலுக்கு முன்னால் நாளுக்கு 4,480 பேர் நடக்க வேண்டும்.

கவனியுங்கள், மாலின் வாசலுக்கு முன்னால் இல்லை. அந்தக் கடை வாசலுக்கு முன்னால். மாலுக்குள் இருபதாயிரம் பேர் வந்தாலும் மருந்துக்கடை தாண்டி வலது கைப்பக்கம் திரும்பும் நடைபாதையில் எண்ணூறு பேர்தான் போகிறார்கள் என்றால், அந்தக் கடைக்கு எண் எண்ணூறுதான். வாடகை கேட்க வேண்டியதும் அதை வைத்துத்தான்.

ஆகவே எண்ணுங்கள். கையில் அமுக்கி எண்ணும் பழைய கவுண்டர் ஒன்று போதும். காலியாக இருக்கும் ஒவ்வொரு கடைக்கு முன்னும் ஆளை நிறுத்தி, ஒவ்வொரு மணி நேரத்திலும் 15 நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். எந்த நாட்கள் என்பதுதான் முக்கியம். மாத ஆரம்பத்தில் சாஸா (அரசின் சமூக நல முகமை) உதவித்தொகை வரும் வாரத்தில் ஒரு நாள், 25ஆம் தேதி சம்பளத்துக்குப் பிறகு வரும் சனிக்கிழமை, பிறகு மாத நடுவில் ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய். மூன்றையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை எண்ணை மறைக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். மறைக்காதீர்கள், கடைக்காரர் தானே ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்று பார்ப்பார். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் ஆறு மாதத்தில் பூட்டிக்கொண்டு போகிறவர்.

வாசலில் மாட்டியிருக்கும் மின்னணுக் கவுண்டர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். சில கருவிகள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்து எண்ணும், உண்மையான எண் அதில் பாதிதான். குழந்தைகள், கடை ஊழியர்கள், செக்யூரிட்டிகள், புகைபிடிக்க நாலு தடவை வெளியே போய் வருகிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். ஆள் நிரம்பியதும் கிளம்பும் மினிபஸ் டாக்ஸிகள் நிற்கும் டாக்ஸி ராங்கில் இறங்கி மாலைக் குறுக்குப் பாதையாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பவர்களும் இருக்கிறார்கள். இவர்களை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவர்களுக்கு விற்கக்கூடிய கடை வேறு, அவ்வளவுதான். ரொட்டி, ஏர்டைம், ஒரு பாக்கெட் சிப்ஸ், சூடாக ஒரு பனி சோவ் (குடைந்த ரொட்டிக்குள் கறி).

டாக்ஸிப் பக்கம், கார் பக்கம்

நம் ஊர் மால்களில் இரண்டு வாசல் உண்டு என்று வைத்துக்கொண்டால் இரண்டு மால் உண்டு என்று அர்த்தம். கார் நிறுத்தும் பக்கம் நுழைகிறவர் ட்ராலி தள்ளுவார், ஒரு மணி நேரம் இருப்பார், பையைச் சுமக்கும் கவலை இல்லை. டாக்ஸி ராங்க் பக்கம் நுழைகிறவர் இரண்டு கையில் எடுத்துப் போகக்கூடியதைத்தான் வாங்குவார். டாக்ஸி நிரம்பிக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். திரைச்சீலைக் கடையையும் மெத்தைக் கடையையும் டாக்ஸிப் பக்கம் வைத்து, ஆள் கூட்டம் நெரிகிறதே, ஏன் விற்கவில்லை என்று கேட்பது வீண். அதே இடத்தில் செல்போன் பழுதுபார்க்கிறவர், கோழி வறுவல்காரர், முடி திருத்துகிறவர் நன்றாக ஓடுவார்கள். ஃபீனிக்ஸுக்கும் குவாமாஷுவுக்கும் நடுவே இருக்கும் பிரிட்ஜ் சிட்டி மால் ரயிலையும் டாக்ஸியையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியது. அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கே திரும்புகிறார்கள் என்பது புரிந்துவிடும்.

சாஸா பணம் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோர் தொகை முதல் நாள், ஊனமுற்றோர் தொகை மறுநாள், குழந்தைகள் தொகை அதற்கடுத்த நாள் என்று மாத முதல் வாரத்தில் தள்ளித் தள்ளி வரும். பலர் அந்தப் பணத்தை வங்கியில் எடுப்பதில்லை, சூப்பர்மார்க்கெட் கவுண்டரிலேயே எடுக்கிறார்கள். அதனால் ஆங்கர் கடையின் (மாலுக்கு ஆளை இழுக்கும் பெரிய கடை, பெரும்பாலும் இந்த சூப்பர்மார்க்கெட்தான்) வாசலிலிருந்து முதல் நாலைந்து கடைகளுக்கு அந்த மூன்று நாளும் திருவிழா. இந்த விஷயம் கடைக்காரருக்குத் தெரியும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முதல் தடவை மாலுக்கு வரும் கடைக்காரர் பலருக்குத் தெரியாது, அந்த வாரத்துக்குச் சரக்கு இல்லாமல் முழிப்பார்கள்.

வரைபடத்தில் வட்டம் போடுவது இன்னொரு கெட்ட பழக்கம். மாலை நடுவில் வைத்து 5 கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் எல்லோரும் நம் வாடிக்கையாளர் என்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் மேடும் பள்ளமும் போக ஹிகின்சன் ஹைவே நடுவே ஓடுகிறது. காகம் பறக்கிற தூரத்தில் பக்கத்தில் இருக்கிற வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு வர இருபது நிமிடம் ஆகலாம். வட்டத்தை அழித்துவிட்டு, சனிக்கிழமை காலை 11 மணிக்குக் காரில் 10 நிமிடத்தில் எங்கெங்கிருந்து வர முடிகிறது, டாக்ஸி மாறாமல் எங்கெங்கிருந்து வர முடிகிறது என்று இரண்டு கோடு போடுங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் காட்டுவதாக இருந்தாலும் எச்சரிக்கை: அதில் விடுபட்டுப் பின்னர் மதிப்பிட்டுச் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் 31 சதவீதம். ஊர் அளவில் சரி, தெரு அளவுக்கு இறங்கிப் பேச அது தாங்காது. கூரைகளை எண்ணுவதும் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதும் மேல்.

(பழைய ஆட்களோடு பேசும்போது ஒரு குழப்பம் வரும். சாட்ஸ்வொர்த் 1960களில் நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய ஊர். பேட்டைகளுக்கு யூனிட் 1, யூனிட் 2 என்றுதான் எண். நீங்கள் "யூனிட் 5 காலி" என்றால் ஒரு தாத்தா அந்தப் பேட்டையையா சொல்கிறீர்கள் என்று கேட்பார். "கடை எண்" என்றே சொல்லிவிடுங்கள்.)

யாரைக் கேட்பது

பெரிய கடைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் ஒரே காகிதத்தை நீட்டக் கூடாது.

பெப், ஆக்கர்மன்ஸ், கிளிக்ஸ், மிஸ்டர் பிரைஸ் போன்ற நாடு தழுவிய கடைகளில் முடிவெடுப்பது ஒரு குழு. உங்கள் பேச்சைக் கேட்கிறவர் அந்தக் குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டியவர். அவருக்கு வேண்டியது: மாலின் மொத்த வாடகைப் பரப்பு, அளவுகோலோடு தரைப்படம், யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அந்தக் குழுவின் சொந்தக் கிளைகளில் மிக அருகில் இருப்பது எத்தனை கிலோமீட்டர். கடைசி விஷயத்தை நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். புதுக் கிளை பழைய கிளையின் விற்பனையைத் தின்றுவிடுமோ என்பதுதான் அவர்களுடைய முதல் பயம். பரப்பை வைத்து மாலின் வகையையும் சரியாகச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பொதுவாக 5,000 முதல் 12,000 சதுர மீட்டர் வரை அக்கம்பக்க மால், 12,000 முதல் 25,000 வரை சமூக மால், அதற்கு மேல்தான் வட்டார மால்கள். 9,000 சதுர மீட்டரை வைத்துக்கொண்டு பெரிய மாலான கேட்வே ரேஞ்சுக்குப் பேசினால் எதிரில் இருப்பவர் கடிகாரம் பார்ப்பார்.

ஆங்கர் கடை இன்னும் கையெழுத்திடவில்லை என்றால் தரைப்படத்தில் அதன் சின்னத்தைப் போடாதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது, விருப்பக் கடிதம் வந்திருக்கிறது, ஒப்பந்தம் கையெழுத்தானது, இந்த மூன்றும் மூன்று நிலை. அந்தச் சின்னத்தை நம்பிக் கையெழுத்திட்ட சின்னக் கடைக்காரர், ஆங்கர் வராதபோது முதலில் உங்கள் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போவார்.

பழைய ஒப்பந்தங்களையும் தூசி தட்டிப் படியுங்கள். இந்த மாலில் வேறு மளிகைக்கடை, வேறு இறைச்சிக்கடை, வேறு பேக்கரி கூடாது என்று சூப்பர்மார்க்கெட்கள் எழுதி வாங்கிய தனியுரிமைப் பிரிவுகள் பல காலம் இருந்தன. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் காம்பெட்டிஷன் கமிஷனின் மளிகைச் சில்லறை விசாரணை 2019 நவம்பரில் தன் இறுதி அறிக்கையில், சின்ன வியாபாரிகளையும் தனிச் சரக்குக் கடைகளையும் அந்தப் பிரிவுகளைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. உங்கள் ஆங்கரின் ஒப்பந்தத்தில் இன்று என்ன நிற்கிறது, என்ன நீங்கியது என்று வக்கீலிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மசாலாக் கடைக்காரரைக் கூப்பிட்டு, அளவெடுத்து, வாடகை பேசி, பிறகு "ஆங்கர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது அசிங்கம்.

சின்னக் கடைக்காரர்களை வலைத்தளத்தில் தேட முடியாது, நடந்துதான் தேட வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட், டவுனில் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட், பழைய கிரே ஸ்ட்ரீட்டாக இருந்து டாக்டர் யூசுப் தாது ஸ்ட்ரீட் ஆன தெரு, தீபாவளிக்கு முந்திய சந்தைகள், கோயில் திருவிழாக் கடைகள். கராஜில் புடவை விற்கிற அக்கா, வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுக்கிறவர், இவர்களிடம் ஏற்கெனவே வாடிக்கையாளர் இருக்கிறார்கள், இல்லாதது வாசல்தான். எடுத்த எடுப்பில் ஐந்து வருட ஒப்பந்தத்தை நீட்டினால் ஓடிவிடுவார்கள். நடைபாதையில் 6 முதல் 9 சதுர மீட்டர் கியோஸ்க், மூன்று மாதம், எல்லாம் சேர்ந்த ஒரே தொகை. தீபாவளியோடு ஆரம்பித்து கிறிஸ்துமஸ் வரை ஓட்டிப் பார்க்கட்டும். சதுர மீட்டர் கணக்கில் கியோஸ்க் வாடகை கடையைவிட அதிகமாகத்தான் வரும். ஆனால் மொத்தத் தொகை சின்னது, பயம் குறைவு. அந்த மூன்று மாத பில் புத்தகம்தான் பிறகு 60 சதுர மீட்டர் கடைக்குப் பேசும்போது இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம்.

இவர்களோடு பேசும்போது முடிவெடுப்பவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகன் கேள்வி கேட்பான், அம்மா மூலையில் உட்கார்ந்திருப்பார். காசு அம்மாவுடையது. "அண்ணா, ஜெனரேட்டர் ஓடினா டீசல் காசு யாருது?", "பக்கத்துல இன்னொரு புடவைக்கடை வந்துடாதே?", "ஞாயித்துக்கிழமை திறந்துதான் ஆகணுமா?" இந்த மூன்றும் எப்படியும் வரும். மூன்றுக்கும் எழுத்திலேயே பதில் வைத்திருங்கள். ஞாயிறு கட்டாயம் என்றால் கட்டாயம் என்று சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்.

மின்னஞ்சல் அனுப்பித் தேடுகிறவர்களுக்கு: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் 69ஆம் பிரிவுப்படி, இதுவரை உங்கள் வாடிக்கையாளராக இல்லாத ஒருவரிடம் மின்னணு வழியில் விளம்பரம் அனுப்பச் சம்மதம் கேட்பது ஒரு தடவைதான். இங்கே நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். எங்கேயோ வாங்கிய பட்டியலுக்கு வாரம் ஒரு புரோஷர் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். புரோக்கரை வைத்தால் அவரிடம் செல்லுபடியாகும் ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (தரகர் தொழில் செய்ய வேண்டியது) இருக்கிறதா என்று பாருங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டத்தின்படி அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்க உரிமை கிடையாது.

கடையைக் காட்டுவது

காட்டுவதற்கு முன் கடையின் முகப்பு அகலத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். முகப்பு 6 மீட்டர், ஆழம் 18 மீட்டர் என்றால் ஒன்றுக்கு மூன்று, ஓடும். முகப்பு 4, ஆழம் 30 என்றால் அது கடை இல்லை, குகை. அதற்கு முழு வாடகை கேட்டு இரண்டு வருடம் காலியாக வைத்திருப்பதைவிட, பின்பக்கம் 10 மீட்டரைச் சுவர் வைத்துப் பிரித்துச் சரக்கறையாக மலிவு விலைக்குக் கொடுங்கள். முகப்புக்கு நடுவே தூண் இருந்தால் படத்தில் தூணையும் வரையுங்கள்.

கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா, மின்சாரம் ஒற்றைக் கட்டமா (சிங்கிள் ஃபேஸ்) மூன்று கட்டமா (த்ரீ ஃபேஸ்), எத்தனை ஆம்ப், புகைபோக்கிக்குக் கூரை வரை வழி இருக்கிறதா, எண்ணெய் பிடிக்கும் தொட்டி எங்கே, எரிவாயு சிலிண்டர் வைக்க வெளிச்சுவர் இருக்கிறதா. டேக்அவே போடுகிறவருக்கு இவை இல்லாத கடை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஒற்றைக் கட்ட 60 ஆம்ப் இணைப்பில் இரண்டு ஃபிரையரும் ஒரு குளிர் அறையும் ஓட்டப் பார்த்தால் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். இணைப்பைக் கூட்ட மாநகராட்சியிடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அதற்குள் வாடகை ஓட ஆரம்பித்துவிடும். சண்டை அங்கேதான் தொடங்கும். உணவுக்கடைக்கு 2018இன் ஆர்638 உணவுச் சுகாதார விதிப்படி மாநகராட்சியின் ஏற்புச் சான்றிதழும் வேண்டும், சமைத்த உணவு விற்க வணிக உரிமமும் வேண்டும். அந்தச் சான்றிதழ் கடைக்காரரின் பேருக்கும் அந்த இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. முன்பு இருந்தவரிடம் இருந்ததே என்பது உதவாது.

மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் ஜெனரேட்டர் மொத்த மாலையும் தாங்குமா, விளக்கையும் கல்லாவையும் மட்டுமா என்று கேட்பார்கள். டீசல் செலவு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். தண்ணீர்தான் இப்போது பெரிய கேள்வி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து ஊர் மாதக்கணக்கில் தவித்ததை யாரும் மறக்கவில்லை. முடி திருத்தும் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் தொட்டியின் கொள்ளளவையும் அது எத்தனை மணி நேரம் வரும் என்பதையும் சொல்லாமல் கடையைக் காட்டுவதில் பயனில்லை.

2021 ஜூலைக் கலவரம் பற்றிய கேள்வியையும் எதிர்பாருங்கள். கலவரச் சேதத்துக்கு இந்த நாட்டில் காப்பீடு தருவது அரசு நிறுவனமான சாஸ்ரியா ஒன்றுதான், சாதாரணப் பாலிசியோடு சேர்த்து எடுக்க வேண்டும். மால்காரர் எடுத்த சாஸ்ரியா கட்டடத்துக்கு. கடைக்காரரின் சரக்கு, அலமாரி, வியாபார நஷ்டம் எதுவும் அதில் வராது. பலர் மாலுக்கு இருக்கிறதே என்று சும்மா இருந்தார்கள். இதைப் பேச்சில் விட்டுவிடாமல் தனித் தாளாகக் கொடுங்கள்.

பக்கத்துக்கடை யார் என்பதில் நம் ஊருக்கென்று சில கணக்குகள் உண்டு. புரட்டாசியில் நம்மவர்களில் பலர் மாதம் முழுக்கச் சைவம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை இறைச்சிக்கடையும் கறி டேக்அவேயும் இளைத்துப் போகும், சைவச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கும். ஆடியில் கூழ் ஊற்றும் வாரங்களிலும், தைப்பூசக் காவடிக்கு முந்திய விரத நாட்களிலும், ஈஸ்டரை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாவின்போதும் பூஜைச் சாமான்கள் பறக்கும். பூஜைச் சாமான் கடையின் சுவருக்கு அடுத்து மாட்டிறைச்சி பர்கர் கடையை வைத்துவிட்டு யாரும் கோபப்படவில்லையே என்று நினைக்காதீர்கள். சொல்லாமல் வேறு மாலுக்குப் போய்விடுவார்கள். பட்டுப்புடவைக்கடைக்கும் பொரிக்கிற எண்ணெய்க்கும் நடுவே குறைந்தது இரண்டு கடை வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத மூலைக்கு டாக்டர், பல் டாக்டர், டியூஷன், ஜிம். அவர்களைத் தேடிக்கொண்டு வருவார்கள், முகப்புத் தேவையில்லை. ஜிம்முக்கு அதிகாலை 5 மணிக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை மட்டும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பேரம்

வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். அடிப்படை எண்ணைக் குறைத்தால் அது மாலின் மதிப்பையே இறக்கும் என்று முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், ஆகவே வேறு வழிகள். ஒன்று, கடை அமைக்க உதவித்தொகை. சதுர மீட்டருக்கு 1,500 ரேண்ட் என்றால் 120 சதுர மீட்டருக்கு 1,80,000. ஐந்து வருடத்தில் பிரித்தால் வட்டி சேர்க்காமல் மாதம் சதுர மீட்டருக்கு 25 ரேண்ட். கடைக்காரர் இரண்டாம் வருடம் ஓடிவிட்டால் மீதி திரும்ப வருமா என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, விற்றுமுதல் வாடகை. நம் கடைக்கு ஆண்டு அடிப்படை வாடகை 2,59,200. விற்பனையில் 6 சதவீதம் என்று ஒப்புக்கொண்டால் ஆண்டு விற்பனை 43,20,000 ரேண்டைத் தாண்டிய பிறகுதான் மேல்தொகை கட்ட வேண்டிவரும், அதாவது சராசரியாக மாதம் 3,60,000. இந்தக் கோட்டைப் படம் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். "விற்பனையில் 6 சதவீதமும் கட்டணும்" என்று மட்டும் சொன்னால் பயந்துவிடுவார்கள். விற்பனை என்பது வாட் நீக்கியதா, திருப்பிக் கொடுத்த சரக்கைக் கழித்ததா என்பதை எழுதுங்கள்.

ஆண்டு உயர்வில்தான் யாரும் கவனம் வைப்பதில்லை. 7 சதவீதம் என்றால் 180 ரேண்ட் ஐந்தாம் வருடத்தில் ஏறக்குறைய 236 ஆகிறது, 31 சதவீதம் கூடுதல். கடைக்காரரின் விற்பனை வருடம் 5 சதவீதம்தான் ஏறுகிறது என்றால், மற்றச் செலவுகளும் வாடகையோடு அதே வேகத்தில் ஏறும்போது, 10 சதவீதத்தில் ஆரம்பித்த வாடகைப் பங்கு ஐந்தாம் வருடத்தில் 10.8ஐத் தொடும். கேட்க அற்பம். மெல்லிய லாபத்தில் ஓடுகிற கடையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அந்த 0.8தான் முடிவு செய்கிறது.

கையெழுத்துப் போடுகிறவர் கம்பெனியா தனி ஆளா என்று பாருங்கள். தனி மனிதர் தன் பேரில் எடுத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வரும். 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து அவர் விலகலாம், நீங்கள் நியாயமான அபராதம் மட்டும் கேட்கலாம். கம்பெனி என்றால் முதலாளியின் சொந்த ஜாமீன் கேட்பார்கள். அவர் சொத்துப் பொதுவாகும் திருமண முறையில் கட்டியவர் என்றால் மனைவியின் எழுத்துச் சம்மதத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கலாம் என்று விட்டால் ஜாமீனே செல்லாது என்று வாதம் வரும்.

கடைசியாக நாட்காட்டி, ஏனென்றால் நல்ல பேரம் பல இதில்தான் கெடுகிறது. 2026இல் தீபாவளி நவம்பர் 8. புடவைக்கடையோ நகைக்கடையோ அதற்கு ஏழு வாரம் முன்பாவது, செப்டம்பர் 21 வாக்கில் திறந்திருக்க வேண்டும். கடை அமைக்க 45 நாள், ஆகஸ்ட் 7. கடைக்காரரின் வரைபடத்தை மால் தரப்பு பார்த்து ஒப்புக்கொள்ள மூன்று வாரம், ஜூலை 17. வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, ஒப்பந்தம், முன்பணம் எல்லாம் நாலு வாரம், ஜூன் 19. ஆக ஜூன் நடுவிலேயே வாடகை விண்ணப்பத்தில் கையெழுத்து விழ வேண்டும். அதற்குப் பேச்சு ஏப்ரலில் ஆரம்பிக்க வேண்டும். ஆகஸ்டில் புரோஷர் அனுப்பி "தீபாவளிக்குத் திறக்கலாம்" என்பவர்கள் தீபாவளியையும் இழப்பார்கள், கிறிஸ்துமஸையும் இழப்பார்கள். டிசம்பர் நடுவில் கட்டட வேலையாட்கள் விடுமுறைக்குப் போனால் ஜனவரி இரண்டாம் வாரம் வரை ஆணி அடிக்கக்கூட ஆள் கிடையாது. நவம்பர் கடைசியில் சாவி கொடுத்தால் பள்ளிச் சீருடை வாங்கும் கூட்டம் போன பிறகுதான் அந்தக் கடை திறக்கும்.